வெளுத்த முட்டைகள்

கல் வெறுமையாகக் கிடந்தது. முதல்நாள் பின்னேரம் அதன்மேல் இருநூறுக்குக் குறையாமல் முட்டை ஒட்டியிருந்தது. கடுகைவிடச் சின்னது, தேன் நிறம், வரிசை பிசகாமல் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று. சிவதர்ஷன் வேலையால் வந்து, ஹெல்மெற்றைக்கூடக் கழற்றாமல் மீன் தொட்டிக்கு முன்னால் குந்தியிருந்து பார்த்தபோது ஒன்றுகூட மிச்சமில்லை. ஆண் மீனும் பெட்டையும், இந்த வீட்டில் முட்டை என்று ஒன்று இருந்ததே தங்களுக்குத் தெரியாது என்பதுபோலச் சுற்றிக்கொண்டிருந்தன.

"திண்டிட்டுது," என்றான். "ரெண்டாந்தரமும் திண்டிட்டுது, மூதேவி."

அவனுடைய பெண்சாதி கஜானி தேத்தண்ணிக் கோப்பையுடன் குசினி வாசலில் நின்றாள். அவள் அதை மத்தியானமே கண்டிருந்தாள். பொங்கல் முடிந்து மூன்றாம் நாள், நல்ல நாளும் அதுவுமாக வேலைக்குப் போன மனுசனுக்குப் போன் எடுத்து இதைச் சொல்வானேன் என்று பேசாமல் இருந்துவிட்டாள். அவன் இப்போது போனை எடுத்து, சத்தமாகப் போட்டு, கிருஷாந்தைக் கூப்பிட்டான். கிருஷாந் யாழ்ப்பாணம் ரவுனில் வளர்ப்பு மீன் கடை வைத்திருப்பவன். இந்தச் சோடியைக் கொழும்பிலிருந்து எடுப்பித்துக் கொடுத்தவனும் அவன்தான்.

"மச்சான், உந்தச் சோடி சரிவராது. மீன் வளக்கிற பாமிலை வளந்த சாமான். முட்டையைத் தாயிட்டை இருந்து பிரிச்சு, போத்திலிலை போட்டுப் பொரிக்க வைக்கிறவங்கள். தாய் எண்டு ஒண்டைக் கண்ணாலை கண்டிருந்தாத்தானே! தாயில்லாமல் வளந்ததுக்கு எங்கையடாப்பா பிள்ளை வளக்கத் தெரியப்போகுது?"

விறாந்தைக் கதிரையில் சிவதர்ஷனின் அக்கா அருந்ததி மச்சாள் கஜானியின் பிள்ளையை மடியில் வைத்துச் சூப்பிப் போத்திலில் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். தம்பி சொன்னதைக் கேட்டதும் அவளுடைய கண் சட்டென்று நிமிர்ந்து கஜானியைப் பார்த்தது. பார்த்த வேகத்தில் திரும்பவும் போத்திலுக்குப் போய்விட்டது. அந்த ஒரு பார்வை மட்டும் இல்லாமல் இருந்திருந்தால், கஜானி அந்தச் சொல்லை மீனுக்குச் சொன்னதாகவே எடுத்துக்கொண்டு போயிருப்பாள். "தேத்தண்ணி ஆறுது," என்று சொல்லிக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

சிவதர்ஷனுக்கு மீன் விசர். ஊரில் இதைவிட மோசமான விசர்கள் தாராளமாக உண்டு. அவனோடு படித்தவர்களில் சிலர் பின்னேரமானால் எங்கே போய் நிற்கிறார்கள் என்று பார்த்தால், மருதனார்மடத்து ஹாட்வெயார் கடையில் வேலை முடிந்து நேரே இணுவிலுக்கு வந்து கண்ணாடித் தொட்டிக்கு முன்னால் குந்துகிற மனுசனுக்குப் பெண்சாதி கோயிலில் கற்பூரமே கொளுத்தலாம். கப்பி, மொலி மாதிரி லேசான மீன்கள் அவனுக்கு அலுத்துப் போய்விட்டன. அதுகள் எங்கள் கிணற்றுத் தண்ணீரில் நுளம்பு மாதிரிப் பெருகுகிறவை. அதில் என்ன கெட்டித்தனம்? அவனுக்கு வேண்டியிருந்தது ராம். விரல் நீளம்கூட வராத மீன். மஞ்சள் உடம்பெல்லாம் நீலப் பொட்டு, கண்ணுக்குக் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு, பெட்டையென்றால் வயிற்றில் ரோசா நிறம். எங்கோ தென்னமெரிக்கப் பக்கத்து ஆற்றில் பிறந்த சாதி. அதற்கு மெதுவான, சுண்ணாம்பு கலக்காத தண்ணீர் வேண்டும். எங்கள் கிணறோ சுண்ணாம்புக் கல்லைக் குடைந்து வெட்டினது. தேத்தண்ணிக் கேத்திலை ஒரு மாதம் கவனிக்காமல் விட்டால் அடியில் கட்டுகிற வெள்ளைப் படையைக் கத்தியால்தான் சுரண்டவேண்டும். அந்தத் தண்ணீரில் ராம் உயிரோடு இருக்கும், சாப்பிடும், சோடி சேரும், முட்டைகூட இடும். பொரிக்க மட்டும் மாட்டாது. யாழ்ப்பாணத்தில் வீட்டில் வைத்து ராம் குஞ்சு எடுத்த ஒரு மனுசரைத் தனக்குத் தெரியாது என்று கிருஷாந் ஒருநாள் சொல்லிவிட்டான். அதோடு சிவதர்ஷனுக்கு நித்திரை போயிற்று.

மழைத்தண்ணீர்தான் வழி. மாரி தொடங்கியதும் முற்றத்தில் நாலு தடி நட்டு, வெள்ளைப் பொலித்தீன் விரித்து, நடுவில் ஓட்டை போட்டு, ஒரு நீலப் பரலை, இடுப்பளவு பிளாஸ்ரிக் பீப்பாய் அது, வாய்மட்டும் நிரப்பினான். ஓட்டில் பட்டு வந்த தண்ணீர் ஆகாதாம், நேரே வானத்திலிருந்து வரவேண்டுமாம். மூடிக்கு மேலே கஜானியின் பழைய சீலைத் துண்டை இழுத்துக் கட்டினான். டெங்குக்குப் பார்க்க வந்த சுகாதாரப் பரிசோதகர் பரலைத் திறக்கச் சொன்னபோது, திறந்து காட்டியதுமல்லாமல் ராம் மீனைப் பற்றியும் இருபது நிமிடம் விளக்கினான். அந்தாள் பிறகு இந்த ஒழுங்கைப் பக்கமே வரவில்லை. தண்ணீர் எவ்வளவு மெது என்று பார்க்கிற பேனை மாதிரி ஒரு கருவியைக் கிருஷாந்திடம் இரவல் வாங்கி, ஒருதரம் பரலுக்குள் விட்டுப் பார்த்து, சந்தோசத்தில் துள்ளிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டான். தொட்டிக்கு அதிலிருந்துதான் தண்ணீர், கிழமைக்கு இரண்டு வாளி மாற்றுவான். இரண்டாம்தரம் அளந்து பார்க்கவேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. பரலில் இருப்பது மழைத்தண்ணீர்தானே!

அந்த மாரியில்தான் பிள்ளையும் பிறந்தது. எங்கள் பக்கத்தில் பிள்ளைப்பெற்றவளைத் தாய்தான் பார்ப்பது. கஜானிக்கு நாலு வயதிலே தாய் காய்ச்சலில் போய்விட்டாள். வவுனியாவில் ஒரு இல்லத்தில் வளர்ந்து, படித்து, மருந்துக் கடை வேலை பழகி, அந்தக் கடைக்குத் தலையிடிக் குளிசை வாங்க வந்த சிவதர்ஷனைக் கலியாணம் முடித்தவள். ஆகவே பருத்தித்துறையிலிருந்து அவனுடைய அக்கா அருந்ததி இரண்டு பையோடு வந்து இறங்கினாள். சும்மா சொல்லக்கூடாது, தங்கமான மனுசி. அவனுக்கும் சின்ன வயதிலே தாய் இல்லை. தம்பியை இடுப்பிலே தூக்கி வளர்த்தவள் அவள்தான். பெற்ற பிள்ளைகள் இரண்டும் கனடாவில். பருத்தித்துறையில் ஐந்து அறை வீட்டுக்குள் அவளும், காது கேளாத புருசனும், ஒரு தொலைக்காட்சியும். வந்த நாளிலிருந்து பிள்ளைப்பெற்றவளுக்கான சரக்குக் கறி காய்ச்சினாள், இலை அவித்து வேது வைத்துக் குளிக்க வார்த்தாள், பிள்ளைக்குச் சாம்பிராணிப் புகை காட்டினாள். கஜானிக்கு அவ்வளவு கவனிப்பு வாழ்க்கையில் ஒருவரிடமும் கிடைத்ததில்லை. முதல் கிழமை அவள் அதற்காகவே இரண்டுதரம் அழுதாள்.

சிக்கல் அங்கேயிருந்துதான் வந்தது. ஆஸ்பத்திரியால் வந்த இரண்டாம் நாள், பிள்ளை பாலுக்கு வீரிட்டது. கஜானி எப்படிப் பிடித்தாலும் பிள்ளை வாயில் கவ்வவில்லை. தலையை அப்படித் திருப்பினாள், இப்படித் திருப்பினாள். அவளுக்கு வியர்த்து வழிந்தது, பிள்ளைக்கு முகம் சிவந்து மூச்சு இழுத்தது. "விடு பிள்ளை, உனக்குத் தெரியாது. நான் பாக்கிறன்," என்று மச்சாள் வாங்கினாள். குரலில் ஒரு சொட்டுக் குற்றம் இல்லை. குற்றம் சொல்லியிருந்தாலாவது கோபம் வந்திருக்கும். அன்றைக்கு வீட்டுக்குள் வந்த சூப்பிப் போத்தில் பிறகு போகவில்லை. பிள்ளை அழுதால் மச்சாள், சிரித்தால் மச்சாள். காலையும் மாலையும் கஜானி தன் மார்பில் போட்டுப் பார்ப்பாள். கொஞ்சம் குடிக்கும், பிறகு முகத்தைச் சுளித்துக்கொண்டு போத்திலைத் தேடும். இரண்டு மாதத்தில் பிள்ளை மச்சாளின் செருப்புச் சத்தத்துக்குக் கண்ணைத் திருப்பப் பழகிவிட்டது.

மாசி நடுவில் கஜானியின் லீவு முடிகிறது. அதற்கும் மச்சாளே வழி சொன்னாள். "கிழமை நாளிலை பிள்ளை என்னோடை பருத்தித்துறையிலை நிக்கட்டும். ஞாயிறுக்கு ஞாயிறு நீங்கள் ரெண்டுபேரும் வந்து பாருங்கோ. ஒரு வயது, ஒண்டரை வயது மட்டும். பிறகு உன்ரை பிள்ளை உன்னட்டைத்தானே." தைப்பூசத்துக்கு அடுத்த நாள் கூட்டிக்கொண்டு போவதாக முடிவானது. சிவதர்ஷனுக்கு இது பெரிய ஆறுதல். தன்னை வளர்த்த கை தன் பிள்ளையையும் வளர்க்கப் போகிறது, இதற்குமேல் என்ன வேண்டும்?

ஞாயிறுக்கு ஞாயிறு. அது கஜானிக்குப் பழக்கமான சொல். இல்லத்தில் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் இரண்டு மணியிலிருந்து நாலு மணிவரை பார்க்க வருகிற நேரம். பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளுக்குத் தலை இழுத்து, ரிபன் கட்டி, மண்டபத்து நீள வாங்கில் வரிசையாக இருத்திவிடுவார்கள். அவளுடைய அப்பா மூன்று ஞாயிறு விசுக்கோத்தோடு வந்தார். பிறகு வரவில்லை. வராவிட்டாலும் தலை இழுத்து ரிபன் கட்டி இருத்துவது நிற்கவில்லை. இல்லத்தைப் பற்றி அவள் ஒருநாளும் குறை சொன்னதில்லை. வயிறு நிறையச் சாப்பாடு தந்தார்கள், படிப்பித்தார்கள். ஆனால் மச்சாள் சொன்னபோது மாட்டன் என்று கத்தவேண்டும் போல இருந்தது. கத்தவில்லை. "ஓம் மச்சாள்," என்றாள். தனக்குத் தெரியாது என்று அவள் நம்பினாள். தாயிடம் பார்த்துப் பழகவேண்டிய வேலையை அவள் யாரிடம் பார்த்தாள்? இரண்டு மாதமாக மனதுக்குள் கிடந்த இந்தப் பயத்தைத்தான் அவளுடைய புருசன் மீனை வைத்துப் பச்சையாகச் சொல்லிவிட்டான்.

அந்த முட்டை போய் மூன்றாம் நாள் காலையில் கரண்ட் நின்றது. கிணற்று மோட்டர் ஓடவில்லை. வாளியில் பிள்ளையின் துணிகள் ஊறிக் கிடந்தன. மச்சாள் குசினியில் நின்றாள். கஜானிக்கு, இவ்வளவு துணிக்காகக் கிணற்றில் கயிறு போட்டு இழுக்க இன்னும் உடம்பு இடம் தரவில்லை. சிவதர்ஷன் கண்டால் குதிப்பான்தான், கண்டால்தானே என்று பரலின் சீலையை அவிழ்த்து ஒரு வாளி அள்ளினாள். சவுக்காரத்தைப் போட்டு உரஞ்சினாள். நுரைக்கவில்லை. இன்னும் உரஞ்சினாள். தண்ணீர் திரிந்த பால் மாதிரிக் கலங்கி, விரல் இடுக்கில் பிசுபிசுவென்று ஒட்டியது. பிள்ளை பிறக்கமுதல், மாரி தொடக்கத்தில், இதே பரலில் களவாக ஒரு செம்பு எடுத்துத் தலை முழுகியவள் அவள். அன்றைக்கு ஒரு துளி சவுக்காரத்துக்கு நுரை தலையை மூடியது. அவள் கையைக் கழுவி, பரலுக்குள் விரலை விட்டு நாக்கில் வைத்தாள். கலியாணம் முடித்து வந்த முதல்நாள் இந்த வீட்டுத் தண்ணீர் வவுனியாக்காரியின் நாக்கில் கனமாக ஒட்டியது. அதே ருசி.

"மச்சாள், பரலிலை தண்ணி எடுத்தனீங்களோ?"

மச்சாள் பருப்புச் சட்டியைக் கிண்டிக்கொண்டே திரும்பினாள். "ஓம் பிள்ளை. உங்கடை கிணத்துத் தண்ணியிலை பருப்பு அவியுதே? சவ்வரிசி மாதிரி நிக்குது. பிள்ளைக்கும் அந்தத் தண்ணி வாத்தா மேலெல்லாம் வறளுது. வந்த நாள் முதல் அதிலைதான் எடுக்கிறன். ஆனா தம்பிக்குக் குறை வைக்கேல்லை. ரெண்டு வாளி எடுத்தா ரெண்டு வாளி கிணத்துத் தண்ணி விட்டு நிரப்பிப் போடுவன். ஏன், தண்ணிதானே?"

கஜானிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு தொட்டியடிக்குப் போய்க் குந்தினாள். இரண்டு மாதமாகப் பரலில் மழை குறைந்து கிணறு ஏறிக்கொண்டு வந்திருக்கிறது. பருப்பு அவிய அவிய முட்டை செத்திருக்கிறது. அப்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. சிவதர்ஷன் காலையில் போனால் பின்னேரம்தான் வருவான். அவன் கண்டது தேன் நிற முட்டையையும் வெறும் கல்லையும் மட்டும். நடுவில் நடந்ததைக் கண்டவள் அவள் ஒருத்திதான். இரண்டுதரமும் பெட்டை மீன் விடிய விடியச் செட்டையால் முட்டைக்கு விசிறிக்கொண்டே நின்றது. ஆண் கிட்டப் போனாலும் கலைத்தது. முற்பகலில் ஒரு முட்டை வெளுத்தது, பிறகு பத்து, பிறகு எல்லாமே சுண்ணாம்பு பூசினது போல. அது முற்றுகிற நிறம் என்று அவள் நினைத்திருந்தாள். வெளுத்த பிறகுதான் பெட்டை ஒவ்வொன்றாக எடுத்தது. தேன் நிறத்தில் இருந்த ஒன்றை அது தொட்டதை அவள் காணவில்லை.

கிருஷாந்துக்குப் போன் எடுத்தாள். "வெளுத்தது செத்த முட்டை, தங்கச்சி," என்றான் அவன். "விட்டா பூஞ்சணம் பிடிச்சு மற்றதையும் கெடுக்கும். அதுக்குத்தான் தாய் எடுத்துத் திண்டுறது. துப்புரவாக்குது."

"அப்ப அதுக்குத் தெரியும்."

"என்னது?"

"பிள்ளை வளக்க."

கிருஷாந் சிரித்தான். "கொஞ்சத்துக்குத் தெரியும், கொஞ்சத்துக்குத் தெரியாது. முட்டை வெடிச்சு வால் தெரிஞ்சவுடனை வாயாலை அள்ளிக்கொண்டு போய் மண்ணிலை கிண்டின குழிக்குள்ளை விடும். பாக்கிற ஆக்களுக்குத் திண்டுற மாதிரித்தான் இருக்கும். சிலது உண்மையாயும் திண்டும். வாய்க்குள்ளை போனாப் பிறகு எங்களுக்கெங்கை தெரியுது?"

பின்னேரம் அவள் பரல் கதையைச் சொன்னதும் சிவதர்ஷன் தலையில் கை வைத்துக்கொண்டு முற்றத்தில் இருந்துவிட்டான். பரலைப் பார்த்தான், அக்கா நின்ற குசினியைப் பார்த்தான். "தெரியாமல் செய்தது. என்ன செய்யிறது," என்றான். கஜானி பக்கத்தில் நின்றாள். மீனைப் பற்றிச் சொன்னதைத் திருப்பி எடுப்பான் என்று கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்படி ஒன்று சொன்னதே அவனுக்கு நினைவில்லை.

தையில் மழை பெய்கிற வழக்கமில்லை. ஆனால் அந்தக் கிழமை வங்காள விரிகுடாவில் எங்கோ ஒரு தாழமுக்கம் உருவாகி, ஞாயிறு மத்தியானம் பேய்மழை கொட்டியது. சிவதர்ஷன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பொலித்தீனோடு ஓடினான். விசயம் விளங்கியதிலிருந்து வாடிப் போயிருந்த மச்சாள், சட்டி, கிடாரம், கொதிநீர்ப் போத்தில், பிள்ளை குளிக்கிற பேசின் என்று கையில் கிடைத்ததை எல்லாம் முற்றத்தில் பரப்பினாள். "தம்பி, உங்காலை ஒண்டு வை! உதிலை ஓட்டிலை பட்ட தண்ணி விழுது, தள்ளி வை!" என்று அவள் கத்தியதை நாலு வீட்டுக்குக் கேட்டிருக்கும். அவசரத்தில் பிள்ளையைக் கஜானியின் கையில் திணித்துவிட்டு ஓடியிருந்தாள். கஜானி விறாந்தையில் நின்றாள். அரை மணித்தியாலம் பிள்ளை அவளுடைய தோளில் கிடந்து மழையைக் கேட்டது. அழவில்லை. அவள் அசையப் பயந்து ஒரே காலில் பாரத்தைப் போட்டபடி நின்றாள். மழை விட்டதும் மச்சாள் ஈரத்தைத் துடைத்துக்கொண்டு வந்து வாங்கிக்கொண்டாள்.

பரலில் கிடந்ததை ஊற்றிக் கழுவிய பிறகு, புதுத் தண்ணீர் பாதிப் பரல் சேர்ந்தது. இந்தமுறை கருவியைத் திரும்பவும் இரவல் வாங்கி அளந்தும் பார்த்தான். தொட்டிக்கு முழுத் தண்ணீரும் மாற்றினான். தைப்பூசத்துக்கு இரண்டு நாள் முதல், வெள்ளிக்கிழமை பின்னேரம், பெட்டை மீன் கல்லைக் கொத்தித் துப்புரவாக்கி மூன்றாம்தரம் முட்டை இட்டது.

சிவதர்ஷன் வேலையால் வந்து கண்டான். அவன் இந்தமுறை தீர்மானத்தோடு இருந்தான். பெரிய கண்ணாடிப் போத்தில், காற்றுக் குழாய், பூஞ்சணத்துக்கு நீல மருந்து எல்லாம் ஆயத்தம். சேர்ட்டுக் கையை மடித்துத் தொட்டிக்குள் கையை விட்டான். பெட்டை மீன் எங்கோ இருந்து வந்து அவனுடைய விரலில் மோதியது. போய் மறுபடி வந்து மோதியது. ஒரு புளியங்கொட்டை அளவு தலை, அவ்வளவு பெரிய கைக்கு எதிராக.

"கையை எடுங்கோ," என்றாள் கஜானி.

"விளையாடாதை கஜா. மெதுத் தண்ணி இவ்வளவுதான். இனி மழை ஐப்பசிக்கு. இதையும் திண்டா அடுத்த வருசம்தான்."

"தெரியும். தாயோடை விடுங்கோ."

"போத்திலிலை போட்டா நிச்சயமாப் பொரிக்கும்!"

"பொரிக்கும். அதுகளும் தாயில்லாமல் வளந்ததுகளா வரும். பிறகு ஆரேன் ஒருத்தர் அதுகளைப் பற்றியும் போனிலை சொல்லுவினம், உதுகளுக்கு எங்கை பிள்ளை வளக்கத் தெரியப்போகுதெண்டு."

அவனுடைய கை தண்ணீருக்குள்ளேயே நின்றது. முதலில் அவனுக்கு விளங்கவில்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக முகம் மாறியது. காது இரண்டும் சிவந்துபோயிற்று.

"ஐயோ கஜா, நான் மீனைத்தானே…"

"நீங்கள் மீனைத்தான் சொன்னனீங்கள். மச்சாள் என்னைப் பாத்தவ."

அவன் கையை வெளியே எடுத்தான். முழங்கையால் நிலத்தில் தண்ணீர் சொட்டியது. குனிந்து சேர்ட்டுத் தலைப்பால் அதைத் துடைத்தான். துடைத்த இடத்தையே இன்னும் கொஞ்ச நேரம் துடைத்தான். "அக்காட்டை நான் எப்பிடிச் சொல்லுறது?" என்றான், நிமிராமல். "என்னை வளத்தவ." இரண்டு பேரும் இப்போது மீனைப் பற்றிக் கதைக்கவில்லை. "நீங்கள் ஒண்டும் சொல்லவேண்டாம்," என்றாள் அவள். தான் சொல்வாளா என்று அவளுக்கே தெரியாது. அவன் போத்திலைக் கொண்டுபோய் அலுமாரிக்கு மேலே வைத்தான்.

சனிக்கிழமை ஏழு முட்டை வெளுத்தது. பெட்டை அந்த ஏழையும் எடுத்தது, மற்றதற்கு விசிறிக்கொண்டு நின்றது. ஞாயிறு தைப்பூசத்துக்கு மச்சாள் கோயிலுக்குப் போய் வந்து, பிள்ளைக்குத் திருநீறு பூசிவிட்டு உடுப்பு அடுக்கத் தொடங்கினாள். சின்னச் சட்டைகளை மடித்துக் கொடுத்தவள் கஜானிதான். பாதியில் அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பாக வந்தது. கை மட்டும் மடித்துக்கொண்டே இருந்தது. மச்சாள் ஒவ்வொரு சட்டையையும் வாங்கி மோந்து பார்த்துத்தான் பையில் வைத்தாள். ஐந்து அறையில் ஒன்றுக்குப் பெயின்ற் அடிப்பித்துவிட்டதாகவும், தொட்டிலுக்குச் சொல்லியிருப்பதாகவும் சொன்னாள். அதைச் சொல்லும்போது அந்த மனுசியின் முகத்தைப் பார்க்கக் கஜானிக்குப் பாவமாகவும் இருந்தது.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு ஓட்டோ வருவதாக ஏற்பாடு. சிவதர்ஷன் அரை நாள் லீவு போட்டுவிட்டு, அக்காவின் பைகளைத் தூக்கி வைக்கிற சாட்டில் முற்றத்திலும் விறாந்தையிலும் நடந்துகொண்டிருந்தான். கஜானி தொட்டிக்கு முன்னால் இருந்தாள். கல்லில் முட்டைகள் அசைந்தன. முதலில் கண் பிசகு என்றுதான் நினைத்தாள். முகத்தைக் கண்ணாடியோடு வைத்துப் பார்த்தபோது ஒவ்வொரு முட்டையிலும் மயிரளவு வால் ஒன்று துடித்துக்கொண்டிருந்தது. பொரித்துவிட்டது! அவளுக்கு எழும்பி ஓடிப்போய் யாரையாவது பிடித்துச் சொல்லவேண்டும் போல இருந்தது. அந்த நேரம் பெட்டை மீன் கல்லுக்குக் கிட்ட வந்து, வாயைத் திறந்து, பத்துப் பன்னிரண்டை ஒரே வாயில் அள்ளியது. தாடை புடைத்தது. அது திரும்பி, தொட்டிக்குள் கிடந்த மரக் குற்றியைச் சுற்றிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத பக்கத்துக்குப் போனது. வெறும் வாயோடு வந்து திரும்பவும் அள்ளியது.

குழிக்குள் விடுகிறதா, தின்கிறதா? குற்றிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கவேண்டுமென்றால் எழும்பித் தொட்டியின் அந்தப் பக்கம் போகவேண்டும். கஜானி பாதி எழும்பினாள். வாசலில் ஓட்டோ ஹோர்ன் அடித்தது.

அவள் அப்படியே நின்றாள். மீன் என்ன செய்திருக்கிறது என்று தெரிந்தால், அதைப் பார்த்துவிட்டுப் போய்ச் சொல்லலாம் என்று இவ்வளவு நாளும் தனக்குள் ஒரு ஏற்பாடு இருந்தது அவளுக்கு இப்போதுதான் விளங்கியது. குழிக்குள் விட்டிருந்தால் பிள்ளையைக் கேட்பது, தின்றிருந்தால் பேசாமல் இருப்பது. என்ன விசர் இது! அவள் தொட்டியைச் சுற்றிப் போகவில்லை. நேரே வாசலுக்கு நடந்தாள்.

மச்சாள் புதுச் சீலை உடுத்து, பிள்ளையை வெள்ளைத் துவாயில் சுற்றி, ஒரு காலை ஓட்டோவுக்குள் வைத்திருந்தாள்.

"பிள்ளையைத் தாங்கோ, மச்சாள்."

"இந்தா, ஒருக்காக் கொஞ்சிப் போட்டுத் தா. வெயில் ஏறமுதல் போகோணும்."

கஜானி வாங்கினாள். ஒரு அடி பின்னால் வைத்தாள். "இனித் தரமாட்டன்," என்றாள்.

குரல் அவள் நினைத்ததைவிடச் சின்னதாகத்தான் வந்தது. ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது. ஓட்டோக்காரர் என்ஜினை நிப்பாட்டிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு ஒழுங்கைப் பக்கமாகப் போய்விட்டார். சிவதர்ஷன் கையில் பையோடு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு பையை நிலத்தில் வைத்துவிட்டு வீட்டுக்குள் போனான். ஆம்பிளைகள் போகிற இடம் அதுதானே.

"என்னடி கதைக்கிறாய்? வேலை?"

"தெரியாது. கேட்டுப் பாப்பன். இல்லாட்டி விடுவன்."

"அவள் உன்னட்டைக் குடிக்கமாட்டாள் கஜானி. போத்திலுக்குப் பழகின பிள்ளை. பட்டினி போடப்போறியே?"

"எனக்குத் தெரியாதுதான் மச்சாள்," என்றாள் கஜானி. கண்ணால் நீர் வழிந்தது; துடைக்கக் கை இல்லை. "நீங்கள் நில்லுங்கோ. எவ்வளவு நாள் எண்டாலும் நில்லுங்கோ. எப்பிடியெண்டு சொல்லித் தாங்கோ. கொண்டுபோகாதேங்கோ."

 மச்சாளுடைய இரண்டு கையும் பிள்ளையைப் பிடித்திருந்த வளைவிலேயே வெறுமையாக நின்றன. சத்தத்தில் பிள்ளை வெருண்டு வீரிட்டு அழத் தொடங்கியது. கஜானி வாசல்படியில் இருந்தாள். துவாயை இழுத்துத் தோளில் போட்டு, பிள்ளையை மார்போடு சேர்த்தாள். பிள்ளை முதுகை வில்லாக வளைத்து உதைத்தது, மூச்சுக் கட்டிக் கத்தியது. அவள் பிடித்தாள், நழுவியது, திரும்பவும் பிடித்தாள்.

"கஜா!" என்று வீட்டுக்குள்ளிருந்து சிவதர்ஷன் கத்தினான். "கஜா, ஓடி வா, இஞ்சை வந்து இதைப் பார்!" நல்லதுக்கா கெட்டதுக்கா என்று அந்தக் குரலில் தெரியவில்லை. அவள் திரும்பவில்லை.

மச்சாள் ஓட்டோவிலிருந்து காலை எடுத்தாள். சீலைக் கொய்யகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவள், கடைசியில் பொறுக்கமாட்டாமல், "தலைக்குக் கீழை கையைக் குடு," என்றாள். கஜானி கொடுத்தாள். பிள்ளையின் அழுகை ஒரு கணம் அறுந்தது. கண்ணை இறுக்கி மூடியபடி, திறந்த வாயோடு, அது தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைத்து அசைத்துத் தேடியது.